இணையவழிப் பல் மருத்துவ அறநெறிப் பாடம்: ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று டிக் போடும் முன்னும் பின்னும்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பல் மருத்துவம் படிக்கும் மாணவர்கள், இன்டர்ன்கள், புதிதாகக் கிளினிக் திறந்தவர்கள் என்று பலரும் இப்போது தொழில் அறநெறிப் பாடங்களை இணையத்தில் படிக்கிறார்கள். பாடத்தை நடத்தும் அமைப்பு பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும். பதிவு செய்ய இரண்டு நிமிடம் போதும். அந்த அவசரத்தில் ‘பயன்பாட்டு விதிமுறைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். சிக்கல் பிறகுதான் தலைகாட்டும்: சான்றிதழில் பெயர் ஒட்டாது, வாட்ஸ்அப்பில் போட்ட பி.டி.எஃப்.புக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும், நோயாளியின் எக்ஸ்ரே எங்கோ ஒரு சர்வரில் போய் உட்கார்ந்திருக்கும்.

அந்த டிக் ஒரு மருத்துவர் கொடுக்கும் வாக்கு. அறநெறிப் பாடத்துக்கே விதியை மீறி நுழைந்தால் மேற்கொண்டு படிப்பதற்குப் பொருள் இல்லை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். விதிமுறையை முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே அலுத்து விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் அலுப்பும் குறைவு, எதுவும் விட்டுப்போகாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பல் மருத்துவ மன்றப் பதிவுச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் என்றால் கல்லூரி அடையாள அட்டை. அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பது நான்காம் படியில் தேவைப்படும்.

சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு பதிவு செய்யுங்கள். கல்லூரி கொடுத்த முகவரி படிப்பு முடிந்ததும் மூடப்படலாம். அப்போது சான்றிதழை மறுபடி எடுக்க வழி இருக்காது.

முதல் நாள் வேலையைக் கைபேசியில் செய்யாதீர்கள். சின்னத் திரையில் விதிமுறைக்கான இணைப்பு கண்ணில் படுவதில்லை, ‘சம்மதம்’ பொத்தான்தான் பெரிதாகத் தெரியும். மடிக்கணினி ஒன்றை எடுத்து, பாடத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து வையுங்கள்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலருக்கு இன்னும் 17 வயதுதான். இந்தியச் சட்டப்படி 18 முடியாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். வயதைக் கூட்டிப் போட்டு உள்ளே போவதை விட, பெற்றோர் வழியாகவோ கல்லூரி வழியாகவோ சேருங்கள், இல்லாவிட்டால் பிறந்தநாள் வரை பொறுங்கள்.

2. இந்தச் சான்றிதழ் எதற்கு என்று முதலில் தீர்மானியுங்கள்

படித்துத் தெரிந்துகொள்ள மட்டும்தான் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். தொடர் கல்விப் புள்ளிக்காக (மருத்துவர் தொடர்ந்து படிப்பதற்கு மன்றம் பதிவு செய்யும் புள்ளி) என்றால் இங்கே நிதானமாக நில்லுங்கள், ஏனென்றால் ஆட்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

அமெரிக்கப் பாடங்களின் பக்கத்தில் ‘செர்ப்’, ‘பேஸ்’ என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். முதலாவது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தொடர் கல்வி நடத்துவோருக்குத் தரும் அங்கீகாரம். இரண்டாவது அங்குள்ள பொதுப் பல் மருத்துவர் கழகம் தருவது. இவை அங்குள்ள உரிமப் புதுப்பிப்புக்கு உதவும். இங்குள்ள மன்றம் அதே புள்ளியைத் தானாக ஏற்றுக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாடத்தின் விதிமுறையிலேயே ‘உங்கள் பகுதியின் ஒழுங்குமுறை அமைப்பு ஏற்குமா என்பதை நீங்களே உறுதிசெய்துகொள்ள வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் பொருள், ஏற்காவிட்டால் அவர்கள் பொறுப்பில்லை.

நம் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. கடலூரும் புதுச்சேரியும் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் என்று தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் நிறைய. ஆனால் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் நிர்வாகமே வேறு, மருத்துவப் பதிவு மன்றமும் வேறு. நண்பருக்குப் புள்ளி கிடைத்தது என்பதை வைத்து உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறதோ அந்த மன்றத்துக்குப் பாடத்தின் பெயர், நடத்தும் அமைப்பு, மொத்த நேரம் மூன்றையும் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் யாரோ ‘செல்லும் சார்’ என்று சொன்னது பிறகு சாட்சிக்கு வராது. பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

3. சேமித்துவிட்டு, தேடித் தேடிப் படியுங்கள்

பயன்பாட்டு விதிமுறை, தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்புதல் விதி மூன்றும் பெரும்பாலும் தனித்தனிப் பக்கமாக இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, பிரின்ட் கொடுத்து, ‘பி.டி.எஃப். ஆகச் சேமி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேருங்கள்.

காரணம் இதுதான்: ‘விதிமுறைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், தொடர்ந்து பயன்படுத்தினால் மாற்றத்தை ஏற்றதாகக் கொள்வோம்’ என்ற வரி இல்லாத விதிமுறையே அரிது. நீங்கள் ஒப்புக்கொண்ட நாளில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு நகல் வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 10ஏ பிரிவுப்படி, மின்னணு வழியில் செய்தது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ‘சும்மா டிக்தானே போட்டேன்’ என்ற வாதம் நிற்காது.

சேமித்ததும் கன்ட்ரோல், எஃப் விசைகளை அழுத்தி இந்த ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள்: லைசென்ஸ் (பயன்படுத்தும் உரிமை), சர்டிஃபிகேட், யூசர் கன்டென்ட் (நீங்கள் ஏற்றுபவை), டெர்மினேஷன் (கணக்கை முடக்குதல்), ரீஃபண்ட். ஒவ்வொரு சொல்லும் வரும் பத்தியை முழுதாகப் படியுங்கள். உங்களைக் கட்டும் வரிகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கும். மிச்சத்தை ஒருமுறை ஓட்டமாகப் பார்த்தால் போதும்.

4. பெயர், லாகின், சான்றிதழ்

படிவம் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். நமக்கு இருப்பதோ இனிஷியல். பதிவுச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’ என்று இருப்பவர், இணையப் படிவத்தில் அப்பா பெயரை விரித்து எழுதுவார். இன்னொருவர் கடைசிப் பெயர் கட்டத்தில் ஒற்றைப் புள்ளி வைத்து நகர்ந்துவிடுவார். சான்றிதழ் அப்படியே அச்சாகி வரும். மன்றத்தில் கொடுக்கும்போது இது யாருடையது என்ற கேள்வி வரும்.

பதிவுச் சான்றிதழில் எந்த எழுத்துக்கூட்டலோ அதே எழுத்துக்கூட்டலைப் போடுங்கள். கடைசிப் பெயர் கட்டத்தில் இனிஷியலை மட்டும் போடுங்கள். ஓரெழுத்தைப் படிவம் ஏற்க மறுத்தால், பாடம் தொடங்கும் முன்பே உதவி முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். சான்றிதழ் வந்த பின் பெயர் திருத்தச் சில இடங்களில் விதி அனுமதிப்பதில்லை. பெயருக்கு முன்னால் டாக்டர் போடுவது பட்டம் பெற்றவருக்கு மட்டும்.

அடுத்தது லாகின். விடுதி அறையில் ஒருவர் லாகினில் நான்கு பேர் உட்கார்ந்து பார்ப்பது, பிறகு மற்ற மூவரும் தங்கள் கணக்கில் விடைகளை மட்டும் தட்டிவிட்டுச் சான்றிதழ் எடுப்பது. இது நம் கல்லூரிகள் பலவற்றிலும் நடக்கிறது. சேர்ந்து பார்ப்பதை விதி அனுமதித்தாலும் அனுமதிக்காவிட்டாலும், சான்றிதழ் சொல்வது ‘இவர் இந்தப் பாடத்தை முடித்தார்’ என்பதை. முடிக்காதவர் அதை மன்றத்தில் கொடுத்தால் அது பொய் ஆவணம். அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண்ணிடம் ‘என் லாகின்ல முடிச்சு வச்சிரும்மா’ என்று சொல்லும் பெரிய டாக்டர்களும் இதைப் படிக்க வேண்டும். அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் சிக்க வைக்கிறீர்கள்.

வினாத்தாளை அப்படியே எடுத்துச் சாட்ஜிபிடியில் ஒட்டி விடை வாங்குவதையும் பல விதிமுறைகள் இப்போது தடுக்கின்றன. உங்கள் தீர்ப்பைச் சோதிக்கத்தான் அந்தக் கேள்விகள்.

5. பாடப்பொருளை எங்கே வரை எடுத்துச் செல்லலாம்

‘லைசென்ஸ்’ என்று தேடிய பத்தியில் வழக்கமாக இப்படி இருக்கும்: சொந்தப் படிப்புக்கு மட்டும், வணிக நோக்கம் கூடாது, மறுபகிர்வு கூடாது. சொந்தக் குறிப்பு எடுக்கலாம். ஒரு பிரதி அச்சடித்து வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் போடுவது மறுபகிர்வு. குழு தனிப்பட்டது என்பதால் அது மாறாது.

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, தனிப்பட்ட படிப்புக்கும், கற்பிக்கும்போது ஆசிரியரும் மாணவரும் எடுக்கும் நகலுக்கும் இடம் தருகிறது. வகுப்பில் ஒரு பக்கத்தைக் காட்டி விவாதிக்கும் ஆசிரியருக்கு அது துணை. ஆனால் பாடத்தின் வீடியோவை முழுதாக இறக்கி யூடியூபில் ஏற்றுகிறவர் அந்தப் பிரிவைக் காட்டித் தப்ப முடியாது.

மொழிபெயர்ப்பில்தான் நல்ல மனிதர்களும் சிக்குகிறார்கள். கிளினிக் உதவியாளர்களுக்குப் புரியட்டும் என்று ஆங்கிலப் பாடத்தை அப்படியே தமிழாக்கி, பி.டி.எஃப். ஆக்கிச் சுற்றுக்கு விடுவார்கள். மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமையில் ஒரு பகுதி. அது உரியவரிடமே இருக்கிறது. பாடம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைத்தவர் சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே தரும் அனுமதி) இருந்தாலும், பின்னால் ‘என்.டி.’ என்ற எழுத்துகள் இருந்தால் மாற்றம் செய்த வடிவத்தைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் அதில் அடங்கும். ‘என்.சி.’ என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. ‘பை’ (BY) என்ற குறி மட்டும் இருந்தால் மூலத்தைக் குறிப்பிட்டு மொழிபெயர்க்கலாம்.

தமிழில் வேண்டும் என்றால் இரண்டு நேர்வழி உண்டு. ஒன்று, அனுமதி கேட்டு எழுதுவது. எந்தப் பகுதி, எத்தனை பேருக்கு, விலையில்லாமல் என்று தெளிவாகச் சொன்னால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். மற்றது, கருத்தை உள்வாங்கி உங்கள் சொந்தச் சொல்லில், உங்கள் கிளினிக்கின் உதாரணங்களோடு புதிதாக எழுதுவது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய விதத்துக்குத்தான். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் சிறந்தது. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு அமெரிக்கக் காப்பீட்டு உதாரணம் எதற்கு?

6. நோயாளியின் விவரம்: எதையும் ஏற்றும் முன்

பல பாடங்களில் ‘உங்கள் அனுபவத்தில் எதிர்கொண்ட ஓர் அறநெறிச் சிக்கலை எழுதுங்கள்’ என்று ஒரு பயிற்சி வரும். சில படமும் கேட்கும். ‘யூசர் கன்டென்ட்’ பத்தியைப் படித்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். நீங்கள் ஏற்றும் எதையும் உலகம் முழுவதும், கட்டணமின்றி, திரும்பப் பெற முடியாதபடி பயன்படுத்த அவர்களுக்கு உரிமை தருவதாக அங்கே எழுதியிருக்கலாம். கூடவே ‘இதைத் தரும் உரிமை எனக்கு உண்டு’ என்று நீங்கள் உறுதி கூறுவதாகவும் இருக்கும். நோயாளியின் கதை உங்களுடையது அல்ல. உங்களுடையது அல்லாததை எப்படி எழுதிக்கொடுப்பீர்கள்?

சிகிச்சைக்கு வாங்கிய ஒப்புதல் இதற்குப் போதாது. தனியாக, தமிழில், எந்தப் படம், எங்கே போகிறது, ஒருமுறை போனால் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம், மறுத்தாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்ற நான்கையும் எழுதி, படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோரிடம்.

ஒப்புதல் கிடைத்த பிறகும் அடையாளத்தை நீக்க வேண்டும். இதில் செய்யும் தவறுகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள்.

பல்வரிசை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயின் மூலையில் பெயர், வயது, பாலினம், எண், எடுத்த தேதி, சென்டர் பெயர் எல்லாம் படத்தோடு பதிந்திருக்கும். கைபேசியில் மார்க்கர் கொண்டு கறுப்பாகத் தீட்டுவார்கள். அந்த மார்க்கர் அரைகுறையாக ஒளி ஊடுருவக்கூடியது. படத்தின் பிரகாசத்தைக் கூட்டினால் பெயர் அடியில் தெரியும். பவர்பாயின்டில் ஓரத்தை வெட்டினால் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் ‘ரீசெட்’ கொடுத்து மீட்கலாம். பி.டி.எஃப்.பில் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வைத்தால், அடியில் உள்ள எழுத்தை நகலெடுத்துவிட முடியும். செய்ய வேண்டியது: படத்தையே வெட்டி, புதிய ஜேபெக் கோப்பாகச் சேமித்து, அந்தப் புதிய கோப்பை மட்டும் ஏற்றுவது.

கோப்பின் பெயரையும் பாருங்கள். நோயாளியின் பெயர், வயது, பல் எண் என்று வைத்திருப்பீர்கள். அது அப்படியே சர்வருக்குப் போகும். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கலாம். முகப்படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போடுவது போதாது என்று மருத்துவ இதழ்களே ஏற்காமல் விட்டுவிட்டன. முன்பற்களும் உதடும் தெரியும் சிரிப்பே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும்.

படமே இல்லாமல் எழுதும்போதும் கவனம் வேண்டும். ‘திருப்பாதிரிப்புலியூரில் துணிக்கடை வைத்திருக்கும் 52 வயதுக்காரர், விபத்தில் முன்பல் இரண்டு உடைந்தவர்’ என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊரில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். நம்மைப் போன்ற ஊர்களில் தொழில், தெரு, சம்பவம் மூன்றும் சேர்ந்தால் அதுவே பெயர். மூன்றையும் நீக்குங்கள். ‘நடுவயது ஆண், முன்பல் முறிவு’ போதும். அறநெறிக் கேள்விக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

‘இதற்கு முன் பார்த்த டாக்டர் செய்த தேவையில்லாத வேர் சிகிச்சை’ என்ற வகைக் கட்டுரைகளும் வருகின்றன. அந்த டாக்டரையும் யாரென்று தெரியாதபடி எழுதுங்கள். அவர் தரப்பு அங்கே பேச வழியில்லை. உண்மையாகவே புகார் இருந்தால் அதற்கு மன்றம் இருக்கிறது.

புதியவர்களுக்கு நான் சொல்வது, கற்பனை நிகழ்வை எழுதி ‘இது கற்பனை’ என்று முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள் என்பதுதான். பெரும்பாலான பாடங்கள் அதை ஏற்கும்.

7. உங்கள் சொந்தத் தகவல்

தனியுரிமைக் கொள்கையில் மூன்று பதில் தேடுங்கள்: என்ன எடுக்கிறார்கள், யாருக்குத் தருகிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள். ‘கூட்டாளிகளுக்கு’ என்று இருந்தால் பொருள் விற்பவர்களின் அழைப்பு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர மின்னஞ்சலுக்கான கட்டம் தனியாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சேவை தரும் வெளிநாட்டு அமைப்பையும் அது கட்டுப்படுத்தும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பு தர வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள்.

8. பணம் கட்டும் பாடம் என்றால்

ஒருமுறைக் கட்டணமா, ஆண்டுச் சந்தாவா என்று முதலில் பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தா என்றால் நிறுத்தும் வழியைக் கட்டும் முன்பே கண்டுபிடித்து வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தொடர் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் தர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்ததும் நிறுத்திவிடலாம்.

‘தகராறு வந்தால் எங்கள் மாநில நீதிமன்றத்தில், எங்கள் சட்டப்படி’ என்ற வரியும் இருக்கும். இங்கே வசிக்கும் நுகர்வோர் தன் ஊர் ஆணையத்திலேயே புகார் தர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இடம் தருகிறது. ஆனால் இந்தியாவில் அலுவலகமே இல்லாத அமைப்பிடம் பணத்தைத் திரும்ப வாங்குவது வேறு கதை. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மேல் கட்டாதீர்கள்.

9. பாடம் சொல்வதும் நம் நெறியும் வேறுபடும் இடங்கள்

‘இது கல்வி நோக்கத்துக்கு மட்டும், சட்ட ஆலோசனை அல்ல’ என்ற வரியைப் பலர் வெறும் சடங்காக நினைக்கிறார்கள். வெளிநாட்டுப் பாடத்தை இங்கே படிக்கும் நமக்கு அதுதான் மிகவும் பயன்படும் வரி.

அமெரிக்கப் பாடங்கள் அங்குள்ள பல் மருத்துவச் சங்கத்தின் ஐந்து கொள்கைகளைச் சுற்றி நடக்கும்: நோயாளியின் தன்னுரிமை, தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், நீதி, உண்மை. இவை எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் ரகசியம் காப்பது பற்றிப் பேசும்போது 1996-இல் வந்த ‘ஹிப்பா’ சட்டத்தைச் சொல்வார்கள். அது நம்மைக் கட்டாது. விளம்பரத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. அங்கே பொய்யோ தவறான எண்ணம் தருவதோ கூடாது என்பதே அடிப்படை. இங்கே விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு அதைவிட இறுக்கம். அங்குள்ள பாடத்தை நம்பி ஃபேஸ்புக்கில் ‘முன்பு, பின்பு’ படங்களைப் போட்டால் இங்கே பதில் சொல்ல வேண்டிவரும்.

அதனால் பாடத்தைத் திறக்கும்போதே பக்கத்தில் 2014-ஆம் ஆண்டின் திருத்திய பல் மருத்துவர் அறநெறி ஒழுங்குமுறைகளையும் திறந்து வையுங்கள். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் அதே பொருளை அதில் தேடிப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, அறநெறிக்கும் பதிவுக்கும் என்றே ஒரு வாரியத்தை வகுத்திருக்கிறது. ஆகவே அவ்வப்போது புதிய பிரதி வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. ஒரு வகுப்புக்கே நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு

தனிநபர் கணக்கை வைத்து வகுப்பறைப் புரொஜெக்டரில் பாடம் நடத்துவதைப் பல விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. கல்லூரி உரிமம் தனியாக இருக்கும், சில சமயம் இலவசமாகவே. துறைத் தலைவர் பெயரில் ஒரு கடிதம் எழுதினால் போதும். மாணவர்களின் பட்டியலை அவர்களைக் கேட்காமல் பதிவேற்ற வேண்டாம். ஒவ்வொருவரும் தாங்களே பதிவு செய்யட்டும். அந்த முதல் வகுப்பில் விதிமுறையைத் திரையில் போட்டு அரை மணி நேரம் சேர்ந்து படிக்க வையுங்கள். ஒப்புதல் படிவத்தில் நோயாளி எதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்ற கேள்வி அங்கே மாணவர்களிடமிருந்தே வரும்.

11. பாடம் முடிந்த அன்றே

சான்றிதழை இறக்கி, சேமித்த விதிமுறையோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அதில் பெயர், தேதி, நேரம், சரிபார்ப்பு எண் நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘இந்தச் சான்றிதழை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது’ என்ற வரி இருந்தால் கிளினிக் போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் போடாதீர்கள். வரி இல்லாவிட்டாலும் சில மணி நேரப் பாடத்தைப் பட்டம் போலப் பெயருக்குப் பின்னால் சேர்ப்பது தவறு.

சந்தா இருந்தால் நிறுத்துங்கள். பயிற்சிக்காக ஏற்றிய கோப்புகளை நீக்குங்கள். கணக்கை மூடுவதாக இருந்தால், மூடிய பிறகும் சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்தில் சரிபார்க்க முடியுமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால், மன்றம் புள்ளியைப் பதிவு செய்யும் வரை கணக்கை மூடாமல் வைத்திருங்கள்.